தோல் பை வெளியே இருந்தது

மதியம் பன்னிரண்டு நாற்பதுக்கு என் மகளின் போனை வேறு யாரோ எடுத்தார்கள்.

அதுவரை மணி அடித்து அடித்து ஓய்ந்துகொண்டிருந்தது. நான் ஆசிரியர் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு மறுபடி மறுபடி அழைத்துக்கொண்டிருந்தேன். என் மகளுக்குப் பத்தொன்பது வயது. ஆறாம் வகுப்பு படிக்கும்போதே சர்க்கரை நோய் வந்துவிட்டது; அன்று முதல் இன்சுலின் இல்லாமல் ஒரு நாளும் கழிந்ததில்லை. எங்கே போனாலும் நண்பகலில் விரல் நுனியைக் குத்தி, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்த்து, அந்த எண்ணை எனக்கு அனுப்புவாள். கூட ஒரு வார்த்தை இருக்காது. வெறும் எண். அதைப் பார்த்த பிறகுதான் நான் சோற்றில் கை வைப்பேன். அன்றைக்கு அது வரவில்லை.

"அலோ, யாரும்மா நீங்க? இந்த போனு ஓயாம அடிச்சிக்கினே இருக்குது."

"இது என் பொண்ணு போன். நீங்க யாரு?"

"நான் கோயில் வாசல்ல பூ விக்கிறவம்மா. பொட்டி மாதிரி ஒரு தோல் பை. என்னாண்ட குடுத்துட்டு உள்ள போச்சு. இப்ப கோயில் பூட்டிட்டாங்க. பொண்ணக் காணோம்."

"வெளிய வந்துட்டாளா?"

"அதாம்மா தெரில. நடுவுல நான் தண்ணி புடிக்கப் போயிட்டேன். ஆனா செருப்பு இங்கதான் இருக்குது."

சித்திரை மாத வெயிலில் செருப்பில்லாமல் யாரும் தெருவில் நடக்க மாட்டார்கள். அவள் உள்ளே இருந்தாள். சர்க்கரை குறைந்தால் வாயில் போட்டுக்கொள்ள வேண்டிய குளுக்கோஸ் வெளியே, பூக்காரம்மாவின் கூடைக்குப் பக்கத்தில் இருந்தது.

எந்த ஊர்க் கோயில் என்று கேட்டுக்கொண்டேன். கதவைத் தட்டச் சொன்னேன். ஆம்புலன்சுக்குச் சொல்லச் சொன்னேன். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டேன். பதிலைக் கேட்டேனா என்று நினைவில்லை. பள்ளிக்கு வெளியே நின்றிருந்த முதல் ஆட்டோவில் ஏறிவிட்டேன். சாப்பாட்டு டப்பாவின் மூடி என் கையிலேயே இருந்ததை, முசரவாக்கம் பக்கம் போகும்போதுதான் கவனித்தேன்.

கணவரை அழைத்தேன். அவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். உள்ளே போகும்போது போனைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். ஷிப்டு முடியும்வரை அவருக்கு உலகம் கிடையாது. அது தெரிந்தும் அழைத்தேன். மணி போய்க்கொண்டே இருந்தது.

அந்தப் பையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அவள் ஏன் அதை வெளியே விட்டுப் போனாள் என்பது புரியாது.

கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, சென்னையில் ஒரு பழைய பொருள் சந்தையிலிருந்து ஃபிலிம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தாள். ரேஞ்ச்ஃபைண்டர் என்று சொல்வாள். அதன் சின்ன ஜன்னல் வழியாகப் பார்த்தால் எதிரில் இருப்பவர் இரண்டு பேராகத் தெரிவார். லென்சின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, அந்த இரண்டு உருவங்களும் நெருங்கி வந்து ஒன்றாகும். ஒன்றானதும் அழுத்த வேண்டும். ஜன்னல் வேறு, லென்சு வேறு என்பதால் லென்சின் மூடியைக் கழற்ற மறந்தாலும் ஜன்னலில் எல்லாம் தெளிவாகவே தெரியும். முதல் ஃபிலிம் சுருளை முழுவதும் அப்படித்தான் எடுத்தாள். கழுவி வந்ததும் ஒன்றுமே இல்லை. நான் சிரித்துவிட்டேன். அவள் அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

கேமராவோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அதன் பிறகு துணைச் சாமான்கள் வர ஆரம்பித்தன. வெயில் லென்சில் நேராக விழாமல் தடுக்க, லென்சின் வாயில் மாட்டும் உலோகக் குழல். வானத்தைக் கருக்கி கோபுரத்தை எடுத்துக் காட்டுவதற்கு ஒரு மஞ்சள் கண்ணாடி. கேமராவின் தலையில் செருகி, இன்னும் அகலமாகப் பார்ப்பதற்குக் கட்டைவிரல் அளவில் ஒரு தனி ஜன்னல். பேட்டரியே இல்லாமல், விழும் வெளிச்சத்திலேயே முள் அசைந்து கணக்குச் சொல்லும் மீட்டர். அதன் முகத்தில் தேன்கூடு மாதிரி ஒரு கண்ணாடி. எல்லாம் என்னைவிட வயதில் மூத்தவை. ஒவ்வொன்றையும் பழைய பனியன் துணியில் துடைத்து, பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் வரிசையாக வைப்பாள். பக்கத்து வீட்டில் தறி அடிக்கும்போது எல்லாம் மெல்ல அதிரும். ஓடிப்போய் நடுவில் நகர்த்தி வைப்பாள்.

என் நாத்தனார் வந்தபோது பார்த்துவிட்டு, "பொண்ணுக்கு நகை சேக்கற வயசுல இவ என்னடி, டப்பாவும் மூடியுமா சேத்துக்கினு இருக்குறா?" என்றாள்.

"அத்தை, இந்த மூடி உங்க வளையலவிட நல்லா பளபளன்னு இருக்குது பாருங்க" என்றாள் இவள்.

கடைசியாக வந்ததுதான் அந்தப் பை. பெட்டி போல விறைப்பான பழுப்புத் தோல். உள்ளே சிவப்பு வெல்வெட்டில் தடுப்புகள், லென்சுக்கு ஒன்று, மீட்டருக்கு ஒன்று, மஞ்சள் கண்ணாடிக்கு ஒன்று என்று. அந்தக் காலத்தில் ஃபிலிம் சுருளைப் போட்டு வைக்கும் திருகு மூடி அலுமினிய டப்பாக்களும் அதோடு கிடைத்தன. எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனால் மறுநாள் காலை அவள் செய்ததைப் பார்த்து, திட்ட வந்ததை விட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். லென்சுக்கான தடுப்பில் இன்சுலின் ஊசி போடும் பேனா சரியாக உட்கார்ந்தது. மீட்டர் இடத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி. அலுமினிய டப்பாக்கள் சிலவற்றில் குளுக்கோஸ் தூளை நிரப்பி, ஃபிலிம் டப்பாவோடு கலந்துவிடாமல் இருக்கப் பக்கத்து வீட்டுச் சிவப்புப் பட்டு நூலைக் கழுத்தில் சுற்றிக் கட்டினாள்.

மருத்துவமனையில் கொடுத்த நீல நிறப் பையை அவள் எப்போதும் வெறுத்தாள். யாராவது பார்த்தால் என்ன என்று கேட்பார்கள். அதனால் வீட்டிலேயே 'மறந்துவிட்டு' போவாள். நான் பேருந்து நிறுத்தம்வரை ஓடுவேன். இந்தப் பழைய கேமராப் பை வந்த பிறகு ஒரு நாளும் மறக்கவில்லை. அதற்காகவே அந்தத் தோலுக்கு எண்ணெய் தடவிக் கொடுத்தேன்.

அப்படிப்பட்ட பையை ஏன் வெளியே விட்டாள்?

எங்கள் வீட்டில் கோயிலுக்குப் போனால் தோலை வெளியே விட்டுவிடுவோம். என் மாமனாரின் அப்பா கோயில் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர். கூலி வேலைக்காரர், அந்த வாசலைத் தாண்ட அவருக்கு அனுமதி இல்லை. மாமனார் தாண்டினார். தாண்டியவர், யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது என்று பெல்ட்டைக் கழற்றிச் சுருட்டிச் செருப்புக்குள் வைப்பார், பர்ஸையும் வைப்பார், தோல் வார் கடிகாரத்தையும் வைப்பார். என் கணவரும் அப்படியே செய்கிறார். மகளுக்கு யாரும் இதைச் சொல்லித் தந்ததில்லை, பார்த்தே வந்துவிட்டது. மற்றவர்கள் தோல் கைப்பையை மாட்டிக்கொண்டு உள்ளே போவதைப் பார்த்திருக்கிறோம். யாரும் அவர்களைக் கேட்டதில்லை. எங்களையும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டுவிடுவார்களோ என்பது மட்டும் எங்களை விட்டுப் போகவில்லை.

அன்று அவள் கேமராவைத் தோல் உறையிலிருந்து எடுத்து, நாடா கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருக்கிறாள். வெயில் குழலை மாட்டியிருக்கிறாள். மற்ற எல்லாவற்றையும், போனையும் சேர்த்து, பையில் வைத்துப் பூக்காரம்மாவிடம் கொடுத்திருக்கிறாள். காலையில் இன்சுலின் போட்டுக்கொண்டு, கோயிலைப் படம் எடுக்கப் போகப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று ஒன்றரை இட்லியோடு எழுந்து போனவள்.

ஆட்டோ நின்றபோது கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்திருந்தது. பழைய சிவன் கோயில். உயரமான மரக்கதவு, அதில் என் கையளவு பூட்டு. அவள் செருப்பு என் கண்ணில் பட்டது. இடது செருப்பின் வார் பிய்ந்து, ஊக்கு குத்தியிருந்தது. புதிது வாங்கித் தருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கதவில் வாயை வைத்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். இரண்டு பலகைக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி. அதில் கண்ணை வைத்தேன். கொடிமரம் தெரிந்தது, நந்தியின் முதுகு தெரிந்தது, வெயில் தெரிந்தது. மறுபடி கூப்பிட்டேன். உள்ளே புறாக்கள் எழும்பி மறுபடி உட்கார்ந்தன.

"சாவி குருக்களாண்ட இருக்குதும்மா" என்றாள் பூக்காரம்மா. என் வயதுதான் இருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினாள். "அவரு அடுத்த ஊரு கோயிலுக்கு உச்சிகால பூஜைக்குப் போயிட்டாரு. போனை வண்டிப் பொட்டில போட்டுட்டுதான் உள்ள போவாரு. பைக்ல ஆள் போயிருக்குது. இதோ வந்துடுவாரு."

"எவ்ளோ நேரமாவும்?"

அவள் தெருமுனையை எட்டிப் பார்த்தாள்.

சர்க்கரை இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முதலில் வேர்க்கும், கை நடுங்கும். பிறகு பேச்சு குழறும். பிறகு கூப்பிட்டால் கேட்காது. அதற்குப் பிறகு உள்ளதை மருத்துவர் ஒரே ஒரு முறை சொன்னார். நான் மறுபடி கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது அவள் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று தெரியவில்லை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றேன். மரம் கொதித்தது.

"மதில் ஏறிக் குதிச்சா என்ன?" என்று யாரோ கேட்டார்கள்.

"அதெல்லாம் கூடாது" என்று உடனே ஒரு குரல் வந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கோயில் காரியம் பார்க்கிற குடும்பத்துப் பெரியவர் என்று பிறகு தெரிந்துகொண்டேன். "பூட்டின கோயில்ல மதில் ஏறினா அப்புறம் பரிகாரம் பண்ணணும். சாவிதான் வந்துக்கினே இருக்குதே." பிறகு என் பக்கம் திரும்பி, தணிந்த குரலில், "நீங்க எந்தப் பக்கம்மா? காஞ்சிபுரத்துல எந்தத் தெரு?" என்றார்.

அந்தக் கேள்வி பல ஊர்களில் பல விதமாக என் காதில் விழுந்திருக்கிறது. அதற்கு எப்போதும் ஒரு பதில் வைத்திருப்பேன். அன்று, "பொண்ணு உள்ள இருக்குறா" என்று மட்டும் சொன்னேன். "பொண்ணு உள்ள இருக்குறா" என்று திருப்பித் திருப்பிச் சொன்னேன்.

"ஏன் பெரியவரே," என்று பூக்காரம்மா இடுப்பில் கை வைத்தாள். "உம் பேத்தி உள்ள மாட்டிக்கினு இருந்தா எந்தத் தெருன்னு கேட்டுக்கினு இருப்பியா? சாவி வர்ற வரைக்கும் தேவாரம் பாடிக்கினு இருப்பியா?"

"ஏய், வாய அடக்கிப் பேசு."

"அடக்கிக்கிறேன். நீ மொதல்ல தள்ளு. தோ, அந்த டிராக்டரக் கொண்டாந்து மதிலோரமா நிறுத்துப்பா. வைக்கோல் மேல ஏறினா எட்டும்."

வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஒன்று தெருவில் நின்றிருந்தது. ஓட்டுகிறவர் பெரியவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வண்டியைக் கிளப்பினார். "யாரு ஏறது?" என்று கேட்டார். ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நாளைக்கும் இதே ஊரில் இருக்க வேண்டியவர்கள். நான் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். மாடிப்படி ஏறினாலே முட்டி வலிக்கும் எனக்கு. வைக்கோலில் நான் ஏறவில்லை, கீழேயிருந்து என்னைத் தள்ளினார்கள்.

மேலே போனதும் பிராகாரம் முழுவதும் தெரிந்தது. யாரும் இல்லை. மண்டபங்களும் தூண்களும்தான். இவ்வளவு தூணில் எந்தத் தூணுக்குப் பின்னால் என்று தேடுவேன்? அப்போது தெற்குப் பக்கம், வெயிலில் கிடந்த கருங்கல் தரையில் ஏதோ மின்னியது. ஒரு உலோக வளையம். வளையல் என்றுதான் முதலில் நினைத்தேன். இல்லை, அந்தக் குழல். லென்சின் வாயில் மாட்டுவது. ஜன்னலோரத்தில் தினமும் நான் தூசு தட்டுவது. அதைக் கீழே விட்டால் அப்படியே குனிந்து எடுத்துத் துடைத்துத்தான் அடுத்த வேலை பார்ப்பாள். எடுக்காமல் விட்டிருக்கிறாள்.

"பை!" என்று கத்தினேன். பூக்காரம்மா பையைத் தூக்கிக் கொடுத்தாள். அதை முதலில் உள்ளே போட்டேன். கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது. பிறகு நான் குதித்தேன். குதித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. விழுந்தேன். கணுக்காலில் ஏதோ பிசகியது.

குழல் கிடந்த இடத்துக்கு நேராக மண்டபத்தின் நிழலில், தூணுக்கும் சுவருக்கும் நடுவே அவள் ஒருக்களித்துக் கிடந்தாள். கேமரா கழுத்திலேயே இருந்தது. ஒரு கை அதன் மேல். சுடிதார் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அவை என்னைப் பார்க்கவில்லை. உடம்பு ஐஸ் தண்ணீரில் நனைத்த துணிபோல இருந்தது.

பையைத் திறந்தேன். முதலில் கையில் வந்த டப்பாவில் ஃபிலிம் சுருள். அடுத்ததிலும் ஃபிலிம் சுருள். அவசரத்தில் டப்பாக்கள் உருண்டு நாலா பக்கமும் ஓடின. ஒன்றின் கழுத்தில் சிவப்பு நூல் தெரிந்தது. பின்னாலேயே தவழ்ந்து போய்ப் பிடித்தேன். திருகு மூடி கழலவில்லை. வேர்வைக் கையில் வழுக்கியது. முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகினேன்.

நினைவில்லாதவர் வாயில் தண்ணீரோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். அது எனக்குத் தெரியும். விரலை நனைத்துத் தூளைத் தொட்டு, கன்னத்தின் உள்பக்கம் ஈறில் தேய்த்தேன். பல் கிட்டியிருந்தது. உதட்டை விலக்கித் தேய்த்தேன். மறுபடி தொட்டேன், தேய்த்தேன். கன்னத்தில் தட்டினேன். திட்டினேன். ஒன்றரை இட்லியைச் சொல்லித் திட்டினேன், கேமராவைச் சொல்லித் திட்டினேன். தேய்த்தேன். வெளியே பூக்காரம்மா, "கெடச்சிச்சாம்மா? பொண்ணு கெடச்சிச்சா?" என்று கத்திக்கொண்டே இருந்தாள். கிடைத்துவிட்டாள் என்று எப்படிச் சொல்வேன்?

அந்த நேரம் எவ்வளவு நீண்டது என்று இப்போதும் தெரியவில்லை. இதை எழுதும்போது அவள் அடுத்த அறையில் தூங்குகிறாள். நடுவில் பலமுறை எழுந்து போய் அவள் மூச்சைப் பார்த்துவிட்டு வந்தேன். எனக்கு இப்போதும் புறாச் சத்தம் ஆவதில்லை. பள்ளிக்கூட ஓட்டில் புறா குமுறினால் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருப்பதை நிறுத்திவிடுகிறேன். பிள்ளைகள் என்ன மிஸ் என்று கேட்கிறார்கள்.

முதலில் அசைந்தது அவள் நாக்கு. என் விரலைத் தேடி வந்து நக்கியது. பிறந்த அன்று அப்படிச் செய்திருக்கிறாள். பிறகு முகம் சுருங்கியது. பிறகு என் கையைப் பட்டென்று தட்டிவிட்டாள்.

"விடும்மா... கசகசங்குது..."

சர்க்கரை இறங்கும்போது அவளுக்குக் கோபம் வரும். எங்கள் வீட்டில் அந்தக் கோபத்துக்குப் பயப்படுவோம். அன்று அந்த அடியை வாங்கிக்கொண்டு, இன்னொரு முறை அடிடி, இன்னொரு முறை அடி என்று அழுதேன். விழுங்குகிறாள் என்று உறுதியான பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூளை நாக்கிலேயே வைத்தேன். விரலைக் குத்திப் பார்த்தேன். கருவியில் வந்த எண்ணை இங்கே எழுத மனம் வரவில்லை. கொஞ்சம் ஏறிய பிறகு வந்த எண் அது.

அப்போதுதான் பூட்டு திறக்கும் சத்தம் கேட்டது. கதவு முழுவதும் திறக்கவில்லை. ஒற்றைப் பலகை மட்டும் முனகிக்கொண்டு நகர்ந்தது. குருக்கள் ஓடி வந்தார். ஒல்லியான, நடுவயதுக்காரர். இடுப்பு வேட்டி ஈரம். பூஜையைப் பாதியில் விட்டு வந்திருக்க வேண்டும், கையில் சந்தனம் காயவில்லை. பின்னால் பூக்காரம்மா, அவளுக்குப் பின்னால் அந்தப் பெரியவர்.

நான் என் கால்களைப் பார்த்தேன். செருப்போடு குதித்திருந்தேன். மண்டபத்தில், செருப்புக் காலோடு, தோல் பை வாய் திறந்து கிடக்க, மஞ்சள் கண்ணாடிச் சில்லும் சர்க்கரைத் தூளும் சிந்திக் கிடக்க உட்கார்ந்திருந்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன். கணுக்கால் விடவில்லை. "சாமி, வேணும்னு இல்ல..." என்று ஆரம்பித்தேன்.

அவர் எதையும் பார்த்ததாகத் தெரியவில்லை. குனிந்து மகளின் முகத்தைப் பார்த்தார்.

"கொழந்தே, நான் பேசறது கேக்கறதா?"

அவள் தலையாட்டினாள். அவர் மூச்சை விட்டார். "பூட்டறச்சே குரல் குடுத்தேம்மா. சுத்தி வந்து பாத்திருக்கணும். அடுத்த கோயிலுக்கு நாழியாயிடுத்துன்னு ஓடிட்டேன்." பிறகு பின்னால் திரும்பி, "ஆம்புலன்ஸ் தெருமுனையில நிக்கறது. டிராக்டர் மறிச்சிண்டிருக்கு, உள்ள வராது. தூக்கிண்டுதான் போகணும்" என்றார். மகளின் தோளுக்கு அடியில் கையைக் கொடுத்தார்.

பெரியவர் முன்னால் வந்தார். "சாமி, நீங்க தொட வேணாம். சாயரட்சை பூஜைக்கு நீங்கதான உள்ள போவணும். ஆளுங்க வந்து தூக்கட்டும். நில்லுங்க, கூப்புடறேன்."

குருக்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"பூட்டினது நான். தூக்கறதும் நானே தூக்கறேன். நீங்க போய் அந்தக் கதவை முழுசாத் திறந்து வையுங்கோ."